கடல் பக்கத்து இருக்கை

என் கணவருக்குச் சீனி வருத்தம் இல்லை. நீரிழிவு என்று ஒன்று அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் ஒஸ்லோவில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் சீனி வருத்தக்காரர். அந்தப் பொய்யைக் கட்டிவிட்டவள் நான்தான்.

அப்போது அது நல்ல யோசனையாகப் பட்டது. எங்கள் ஆட்களில் ஐம்பதைத் தாண்டிய எவருக்குச் சீனி இல்லை? சீனியால் கண் கொஞ்சம் மங்கிவிட்டது, அதனால் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார் என்று சொன்னால் போதும். ஒருவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். தங்களுடைய சீனி எவ்வளவு, என்ன குளிசை போடுகிறோம் என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். சீனியால் எந்தச் சம்பந்தமும் குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கண் வைத்தியர் சொன்னதைச் சொன்னால் குழம்பும்.

அவர் சொன்னது இதுதான். கண்ணின் உள்ளே இருக்கும் திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. ஓரங்கள் முதலில் போகும். நடுவில் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலக் கொஞ்சம் மிஞ்சும். பிறகு அதுவும் போகலாம், எப்போது என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. இது குடும்பத்தில் வருகிற நோய், பிள்ளைக்கும் இருக்கக்கூடும், சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எங்கள் வீடு இருக்கும் புருசெத்துக்குத் திரும்பும் ரயிலில் நான் கணவரின் காதருகே சொன்னேன், இது நம் இரண்டு பேரோடும் இருக்கட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று. அவர் தலையாட்டினார். என் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசியது குறைவு. அதுவும் ஒரு பிழைதான்.

மகளுக்கு இருபத்தெட்டு வயது. லண்டனில் ஒரு பையனைப் பேசி, சாதகம் பொருந்தி, இருவரும் இரண்டு மாதமாகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் நாங்கள் முன்பு காணாத ஒரு சிரிப்பு வந்திருந்தது. அதைக் குழப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அந்த வசந்தத்தில் ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு ரயில் போனது. மத்தியதரைக் கடலோரம், மஞ்சளும் சிவப்புமாக வீடுகள் அடுக்கிய சின்னச் சின்ன ஊர்கள், நீலமாகக் கடல். என் கணவர் நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு முழம் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்த பிறகு சொன்னார்:

"இருவத்திரண்டு வருசம் நேரை றோட்டைப் பாத்தே பஸ் ஓடினனான். ஒருக்கா யன்னலோரம் இருந்து, சும்மா பக்கத்தைப் பாத்துக்கொண்டு போகவேணும். இந்த வருசமே போகவேணும்."

அந்த மனிதர் தனக்கென்று ஒரு சட்டை கூடக் கேட்டதில்லை. 'இந்த வருசமே' என்ற சொல் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து பயணச்சீட்டு எடுத்தேன். நீஸ் நகரம் வரை விமானம். அங்கிருந்து கடலோரமாக இத்தாலிக்குள் ரயில். ஐந்து நாட்கள். லெவாந்தோ என்ற சிற்றூரில், யன்னலைத் திறந்தால் கடல் தெரியும் ஓர் அறை. அவருக்காக நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சம்பந்தம் பேசிக் கொடுத்த பெண்மணியிடம், நாங்களும் ஐரோப்பா சுற்றப் போகிறோம் என்று பெருமையடித்துவிட்டேன். சொல்லி இரண்டாம் நாள், நாங்கள் ஒஸ்லோவில் இருக்கும்போதே, ஜெனோவாவிலிருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா. எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டு ஹோட்டலில் தங்குவீர்களோ, நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். எங்கள் ஆட்களிடம் இதற்கு மறுமொழி கிடையாது. சொந்தக்காரர் இருக்கும் ஊரில் அறை எடுத்தவன் பகையாளி. அதிலும் சம்பந்தியாகப் போகிறவர்கள். லெவாந்தோ அறையை நான் கைவிட்டேன். கணவரிடம் சொன்னபோது, "பரவாயில்லை, ரயில் இருக்குத்தானே" என்றார்.

முதல் நாள் மட்டும் எங்களுடையது. நீஸிலிருந்து மென்தோன் வரை, ரயிலின் வலப்பக்கம் முழுக்கக் கடல். அவர் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு இருந்தார். கடல் அவருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு படகு, ஒரு துண்டு மதில், ஒரு குடை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். பிடித்ததை எனக்குச் சொன்னார். மென்தோனில் இறங்கிக் கடற்கரைக் கல்லில் இருந்து, நான் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஜெனோவா. துறைமுக நகரம்தான், ஆனால் பெரியம்மாவின் வீட்டு யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் கறி, புட்டு என்று மேசை நிறைந்தது. அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மத்தியானம் அவருடைய கணவரின் தம்பி வீடு. பின்னேரம் அவர்களுடைய ஊர்க்காரர் வீடு. மறுநாள் இன்னும் மூன்று வீடுகள். எல்லா வீட்டிலும் திரைச்சீலை இழுத்துவிட்ட வரவேற்பறை, எல்லா வீட்டிலும் கலியாண வீடியோ. எல்லா வீட்டிலும் என் கணவருக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணீர். இனிப்பென்றால் உயிரை விடுகிற மனிதர், என் பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் கசக்கக் கசக்கக் குடித்தார். சின்ன மேசைகளில் முழங்காலை இடித்துவிட்டுச் சிரித்துச் சமாளித்தார். நான் அவர் முழங்கையை விடாமல் பிடித்திருந்தேன். என்ன ஒற்றுமையான சோடி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஐந்து நாளில் இரண்டு நாள் சுவரைப் பார்த்தே போய்விட்டது. இனி இவருக்கு எத்தனை நாள் கண் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

நான்காம் நாள் நாங்கள் ரயிலேறப் போகிறோம் என்றேன். தனியே எப்படி விடுவது என்று பெரியம்மாவும் அவருடைய கணவரும் சோற்றுப் பார்சலோடு கூடவே வெளிக்கிட்டார்கள். எதிரெதிராக நான்கு இருக்கைகள். விருந்தாளிக்குத்தான் கடல் பக்கம் என்று என் கணவரை யன்னலோரம் இருத்தினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிரே, நான் நடைபாதையோரம். அதுவரை அவர் தோளில் தட்டித் திருப்பிக்கொண்டிருந்த என் கை அவருக்கு எட்டவில்லை.

லெவாந்தோவைத் தாண்டினால் ரயில் மலைக்குள்ளால்தான் போகிறது. நீண்ட சுரங்கம், பிறகு கண்மூடித் திறக்கும் நேரம் கடல், மறுபடி சுரங்கம். பெரியப்பா ஓயாமல் கதைத்தார். சம்பந்தி கதைக்கும்போது முகத்தைத் திருப்பக்கூடாதென்று என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "உங்கை பாருங்கோ, கடல்" என்று பெரியப்பா கை நீட்டுவார். இவர் தலையைத் திருப்பித் தேடி முடிப்பதற்குள் சுரங்கம் வந்துவிடும். கரிய சுவரைப் பார்த்து என் கணவர், "ஓம், நல்ல வடிவு" என்றார். இரண்டாம் முறையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். மூன்றாம் முறை பெரியம்மா என்னைப் பார்த்தார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து, பெரியப்பாவின் முழங்காலைத் தாண்டி, கணவரின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். வெளியே இருட்டு. நான் விடவில்லை. "இப்பிடியே வைச்சிருங்கோ. வரும்" என்றேன். பெட்டி முழுக்க எங்களைப் பார்த்தது. மகளின் கலியாணம் அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை. வெளிச்சம் வந்தது. கீழே கல்லுத் துறை, நாலைந்து படகுகள், அதற்கப்பால் கடல். அவர் நெற்றியைக் கண்ணாடியில் முட்டினார். "கண்டிட்டன்" என்றார்.

அடுத்த ஊரில் இறங்கியதும் பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் அங்கே வயதான இத்தாலியர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறவர்.

"தங்கச்சி, இது சீனி இல்லை. நான் பாக்கிற மனுசிக்கும் இதே வருத்தம்தான்" என்றார்.

நான் மறுக்கவில்லை. அவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி எங்களுக்குச் சோறு போட்டார். பிறகு தன்னுடைய போத்தலிலிருந்து, சீனி போட்ட தேத்தண்ணீரை என் கணவருக்கு வார்த்துக் கொடுத்தார். அவர் அதை மிடறு மிடறாகக் குடித்தார்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி ஒரு கிழமையில், சாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் ஒரு பொருத்தம் இடிக்கிறதாம் என்று லண்டனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மரியாதையான மறுப்பு. நான் பெரியம்மாவைத் திட்டித் தீர்த்தேன். அவர் தன் தங்கையின் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார் என்று தெரிந்தும் திட்டினேன். மகளிடம் என்ன சொல்வதென்று நானும் கணவரும் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம்.

சொல்ல வேண்டி வரவில்லை. அந்தப் பையனே அவளுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தான். வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"எனக்கும் வரலாம் எண்டதை லண்டனிலை இருக்கிற ஒரு பெடியன் சொல்லித்தான் நான் அறியவேணுமோ?"

என் கணவர் கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். கலியாணம் முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள் பிள்ளை, என்றேன்.

"ஆருக்கு?" என்று கேட்டாள்.

நான் அதுவரை மாப்பிள்ளை வீட்டாரை மட்டும்தான் நினைத்திருந்தேன். வீட்டிலேயே இருந்தவளுக்கும் சேர்த்துத்தான் மறைத்தோம் என்பது, சத்தியமாக, அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"போன மாரியிலை இருந்து எனக்கு இருட்டினாப் பிறகு படி தெரியிறேல்லை, அம்மா. கண்ணாடி மாத்தவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவருக்கும் அப்படித்தான் தொடங்கியது.