ஸ்கொட்லாந்துக் கந்தை

“…கசக்கிக் கட்டச் சொன்னது சொந்தக் கந்தையை, தம்பி. ஊரான்ரை கந்தையை இல்லை” என்று சொல்லி, மேசையில் கிடந்த கம்பளிக் கார்டிகனை அக்கா ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று தொடங்கியது நான்தான். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவன் என்று குடும்பத்தில் எனக்கொரு பெயர் உண்டு. அதைப் பிடுங்கி என் தலையிலேயே அடிக்கக்கூடிய ஒரே ஆள் அக்கா.

பிக்கரிங்கில் அவளுடைய வீட்டுக் குசினி. நவம்பர் மாதத்துப் பின்னேரம். அக்கா ஒரு பருத்திச் சட்டை, அதன்மேல் அத்தானுடைய பழைய ஃப்ளீஸ் மேற்சட்டை, அதன்மேல் ஒரு சால்வை, காலில் இரண்டு சோடி மேஸ் என்று இருந்தாள். தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு இப்படித்தான். மற்றவர்கள் விசிறி தேடுகிற இடத்தில் அவளுக்குப் பல் கிட்டும். ஹீற்றரைக் கூட்டலாம் என்றால், அதைக் கூட்டிக் குறைக்கும் சுவர்ப் பெட்டிக்கு அத்தான் காவல். இருபதுக்குமேல் ஏற்றினால் தனக்கு மூச்சு முட்டுகிறதாம். சாதாரணக் கம்பளி போட்டால் அவளுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவக்கும். ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டு கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். “என்னைக் கறண்டுக் கம்பமாக்கிப்போட்டாங்கள்” என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரேயொரு மருந்துதான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய ஸ்கொட்லாந்துக் கஷ்மியர். மலையாட்டின் வெளிமயிர் அல்ல, அதற்கு அடியில் குளிர்காலத்துக்கென்று முளைக்கிற பூமயிர். அதை இரண்டு இழையாக முறுக்கி, இறுக்கமாகப் பின்னியிருப்பார்கள். சொறியாது, கனக்காது, போட்டு ஐந்து நிமிடத்தில் உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தை மாதக் குளிர் வருவதற்குள் ஒன்றை அவளுடைய உடம்பில் ஏற்றிவிட வேண்டும் என்று நான் கோடையிலேயே முடிவெடுத்திருந்தேன்.

எனக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு உடுப்பு வெளுக்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் ஆவிப் பெட்டியால் அழுத்தினேன். ஒருநாள் வயதான வாடிக்கைக்காரி ஒருத்தி பச்சைக் கார்டிகன் ஒன்றைக் கொண்டுவந்து, “கவனம், இது உன்னைவிட மூத்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் கையில் வாங்கினேன். கைக்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்தமாதிரி இருந்தது. அன்றைக்குப் பிடித்த விசர். இப்போது என் அலமாரியில் நாற்பத்தொன்று இருக்கின்றன. “இது வீடோ ஆட்டுப்பட்டியோ?” என்று என் மனுசி கேட்காத கிழமை இல்லை.

அவற்றின் வயதைக் கண்டுபிடிப்பது ஒரு துன்பம். கழுத்துக்குப் பின்னால், கம்பனிப் பெயரும் அளவும் நெய்த சின்ன லேபிள் துண்டுதான் ஒரே சாட்சி. அளவு அங்குலத்தில் மட்டும் இருந்தால் பழையது. பக்கத்தில் சென்ரிமீற்றரும் வந்துவிட்டால் பிந்தியது. வாளிக்குள் கை படம், முக்கோணம், வட்டம் என்று துவைக்கும் குறிகள் இருந்தால் இன்னும் பிந்தியது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால், இரண்டு மொழியும் வேண்டும் என்ற சட்டம் வந்தபிறகு இந்த நாட்டுக் கடைக்கென்று தைத்தது. இல்லையென்றால் அந்தச் சட்டத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், யாரோ பெட்டிக்குள் வைத்து அங்கிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். ஆசையோடு கொலரைத் திருப்பினால், பாதிச் சனம் கழுத்தில் குத்துகிறது என்று அந்தத் துண்டையே வெட்டி எறிந்திருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைபோல அது கையில் கிடக்கும்.

அளவோ அதைவிடப் பெரிய துன்பம். பழங்காலத்துக்காரர் எழுதிய நாற்பது என்பது போடுகிறவரின் நெஞ்சளவு, உடுப்பின் அளவு அல்ல. அதுவும் புதிதாய் இருந்தபோது. நடுவில் யாராவது ஒருமுறை டிரையருக்குள் போட்டிருந்தால் நாற்பது முப்பத்திரண்டாகிவிடும். ஆனால் துண்டு நாற்பது என்றே பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே தரையில் விரித்து, ஒரு கமக்கட்டிலிருந்து மற்றக் கமக்கட்டுவரை நாடாவால் அளந்து இரண்டால் பெருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன் என் அக்காவுக்கு ஒரு கார்டிகன் பிடிக்க நாலு மாதம் இழுபட்டேன்.

முதலில் அவளிடமே நெஞ்சளவைக் கேட்டேன். “முப்பத்தாறு” என்றாள், யோசிக்காமல். அது அவளுடைய கலியாணப் பிளவுசின் அளவு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று முப்பத்தெட்டில் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். பொத்தானுக்கும் அதன் ஓட்டைக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. “வெள்ளைக்காரன்ரை நாடா பிழை” என்றாள்.

அடுத்தது, நாடாவை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போன நாளில் எடுத்தது. துண்டில் நாற்பத்திரண்டு. கண்ணுக்கும் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து அளந்தால் முப்பத்துநாலு. மயிர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, சூடான சட்டியை வைக்கும் மேசை விரிப்புப்போல இறுகியிருந்தது. மூன்றாவது, அளவெல்லாம் சரி, ஆனால் தலையால் இழுத்துப் போடுவது. தொண்டையில் ஒப்பரேசன் செய்த தழும்பில் கழுத்துப் பட்டி உரசியது. “இதைப் போட்டா என்னைத் தூக்கிலை போட்டமாதிரிக் கிடக்கு” என்று கழற்றி எறிந்தாள். அத்தோடு முன்பக்கம் பொத்தான் உள்ளது மட்டும்தான் என்று முடிவாயிற்று.

கடைசியில் அத்தானுக்குப் போன் எடுத்து, அக்கா போடும் ஃப்ளீஸை விரித்துக் கமக்கட்டுக்குக் கமக்கட்டு அளக்கச் சொன்னேன்.

“ஐம்பத்துமூண்டு” என்றார்.

“அங்குலமோ அத்தான்?”

“நாடாவிலை இருக்கிறதைத்தான் சொல்லுறன். அங்குலமெண்டா உன்ரை அக்கா கதவாலை வருவாவே?”

சென்ரிமீற்றர்தான். அங்குலத்தில் இருபத்தொன்று, இரட்டித்தால் நாற்பத்திரண்டு. போடுகிறவருக்கு இடைவெளி விட்டுப் பார்த்தால், பழைய துண்டில் நாற்பது என்றிருந்து, சுருங்காதது ஒன்று வேண்டும். அதைப் பார்க்டேலில் ஒரு பழைய உடுப்புக் கடையில், குளியல் துவாய்களுக்கு நடுவில் பிடித்தேன். ஆட்டுப்பால் நிறம். சிப்பிப் பொத்தான்கள், ஒன்றும் குறையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுமில்லை. துண்டை நாலு பக்கமும் கையால் தைத்திருந்தார்கள். அங்குலம் மட்டும், படங்கள் இல்லை, பிரெஞ்சும் இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் ஓடிப்போய், “இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள்” என்றேன். அவள் பை வேண்டுமா என்று கேட்டாள்.

முந்தின மூன்றையும் “ஒரு இடத்திலை எடுத்தனான்” என்றுதான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்துக்கொண்டாள். இந்தமுறையும் அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். அக்கா கையால் தடவிப் பார்த்து, “சோக்காய்க் கிடக்கு, என்ன மெது!” என்று சொன்னதும், எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. கொலரைத் திருப்பிக் காட்டி, “அக்கா, இதுக்கு எப்பிடியும் ஐம்பது வயது இருக்கும். உனக்குக் கொஞ்சம் இளையது, அவ்வளவுதான்” என்றேன்.

அவளுடைய கை அப்படியே நின்றது.

“அப்ப, ஆரோ போட்டது.”

“ஓம், ஆனா…”

“ஐம்பது வருசமெண்டா, போட்டவள் இருக்கிறாளோ?”

நான் கொலரைப் பழையபடி மடித்துவிட்டேன்.

“செத்த வெள்ளைக்காரியின்ரை சட்டையை எனக்குக் கொண்டந்திருக்கிறாய், என்ன?”

சோபாவிலிருந்து அத்தான், “பேய் வந்தாலும் இங்கிலிஷ் பேய்தானே. உனக்கு அது சொல்லுறது விளங்காது, பயப்பிடாதை” என்றார்.

“நீங்கள் சும்மா கிடவுங்கோ!”

எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதம். எத்தனை கடை, எத்தனை பஸ். புதிதாக வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரியாதா? போன வருடம் ஒன்று வாங்கிப் பார்த்தேன். வெங்காயத் தோல்போல மெல்லிசு. ஒரு மாதத்தில் கையடியில் உருண்டை உருண்டையாய்த் திரண்டது. இப்போது அப்படித்தான் பின்னுகிறார்கள். இதெல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. பொத்தானின் சிப்பியைப் பார் என்றேன். தோள்மூட்டில் தையல் தெரிகிறதா பார், வெட்டித் தைக்கவில்லை, உருவத்துக்கே பின்னி எடுத்தது என்றேன். அக்கா கார்டிகனைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பழமொழியை எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவள் தள்ளிவிட்ட கார்டிகனை நான் மடிக்கத் தொடங்கினேன். கையை உள்ளே போட்டு மூன்றாக மடிக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது. கோபத்திலும் கை அதைத்தான் செய்தது.

“அம்மாவின்ரை உடுப்பெல்லாத்தையும் நீதானே கொண்டுபோய்ப் போட்டனீ” என்றாள் அக்கா, யன்னலைப் பார்த்தபடியே.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை அது. அக்காதான் அழுதழுது எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டினாள். நான்தான் காரில் ஏற்றிக்கொண்டுபோய், கடைத் தொகுதி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் தானப் பெட்டிக்குள் தள்ளினேன். அன்றைக்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

“அந்த நீலச் சுவெட்டரும் அதுக்குள்ளைதான் போனது. அதை ஆரும் எடுத்துப் போட்டிருப்பினமோ? இல்லாட்டி, செத்தவளின்ரை எண்டு குப்பையிலை எறிஞ்சிருப்பினமோ?”

நல்ல பதில் ஒன்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, “அது வெறும் அக்ரிலிக் நூல், அக்கா.”

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கார்டிகன் இன்னும் இரண்டு அளவு சுருங்கியிருக்கும்.

“ஆனா நல்ல சூடு” என்றேன் அவசரமாக. “அளவும் எல்லாருக்கும் அமையிற அளவு. நாங்கள் கழுவித்தானே குடுத்தனாங்கள். ஆரோ போட்டுக்கொண்டுதான் திரியினம். செத்தவவின்ரையோ எண்டு ஒருத்தரும் கேட்டிருக்காயினம். குளிருக்கு எடுத்திருப்பினம்.”

நான் கார்டிகனைப் பைக்குள் வைத்தேன்.

“எதாலை கழுவினனீ?”

“குழந்தைப்பிள்ளையளின்ரை ஷாம்பூவாலை. பச்சைத் தண்ணியிலை. மூண்டு தரம்.”

“காயவிட்டது?”

“துவாய்க்கு மேலை. தட்டையா. நிழல்லை.”

“ம்” என்று எழுந்து, குசினி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் சாமிப் படங்களின் பக்கம் போனாள். திரும்பி வரும்போது அவளுடைய மோதிர விரல் நுனி ஈரமாய், மஞ்சளாய் இருந்தது.

எங்கள் வீட்டில் புது உடுப்பு எதுவும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது. பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து அத்தானுடைய குளிர் ஜக்கெற் வரைக்கும் அப்படித்தான். புது உடுப்புக்கு மட்டும்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்கு முன்னால் இருந்தது ஆட்டுப்பால் நிறத்துக் கஷ்மியரும் ஒரு மஞ்சள் விரலும்தான்.

“அக்கா, வேண்டாம்! உது கஷ்மியர். மஞ்சள் பட்டா இந்தச் சென்மத்திலை போகாது!”

“போறதுக்கோ பூசுறது?”

பையிலிருந்து அதை இழுத்தெடுத்தாள். வெளியில் தெரியாத இடம் ஒன்றைத் தேடிக் கீழ் விளிம்பைத் திருப்பினாள், பிறகு விட்டுவிட்டுக் கொலரைத் திருப்பினாள். யாரோ நாலு பக்கமும் கையால் தைத்த அந்தத் துண்டின்மேல், நாற்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில், விரலை வைத்து நன்றாக அழுத்தினாள். பிறகு சால்வையை எடுத்துக் கதிரையில் போட்டு, அத்தானுடைய ஃப்ளீஸைக் கழற்றி, வலக்கையை முதலில் நுழைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டத் தொடங்கினாள்.