கரைமேல் புற்று

சுனாமிக்கு அடுத்த வருடம், பொதுப்பணித்துறை இன்ஜினியரான என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். பொறுப்பில் கொடுத்தது ஒரு பழைய ஏரி. நாலு மிதிபடகும் ஒரு சறுக்குமரமும் போட்டு, பூங்கா என்று பலகை வைத்திருந்தார்கள். படகு விட வருகிறவர்களில் ஒருவர்கூட, தாங்கள் நிற்கும் கரை வெறும் மண் என்று நினைத்திருக்க மாட்டார். நினைப்பது என் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

சிதம்பரத்தில் வாடகை அறை, மெஸ் சாப்பாடு. பேச ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தத் தனிமையிலிருந்து தப்பினேன். கரையின் நடுவில் ஆள் உயரப் புற்று ஒன்று இருந்தது. மஞ்சள் துணி கட்டி, பால் ஊற்றிக் கும்பிட ஊர்ப் பெண்கள் வருவார்கள். படகுத்துறையில் சுண்டல் விற்கும் அக்கா என்னைக் கண்டால் போதும், "பாப்பா, இன்னா நின்னுக்கினே கீற, வா குந்து" என்று இழுத்து உட்காரவைத்துப் பொங்கலைக் கையில் வைத்துவிடுவார். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தக் கேலிக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஐப்பசி மழையில் ஏரி ஏறிக்கொண்டிருந்தபோது, புற்றுக்கு நேர் கீழே கரையின் வெளிப்பக்கம் நீர் கசிந்தது. பழைய கரை கசியத்தான் செய்யும், தெளிந்த நீரென்றால் பயமில்லை. இது கலங்கி வந்தது. உள்ளேயிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கறையான் புற்றில் வெளியே தெரிவது கொஞ்சம்தான், வளைகள் கரைக்குள் எங்கெங்கோ ஓடும். கரைக்குக் கீழேதான் அந்தப் பெண்களின் தெரு இருந்தது.

புற்றை வெட்டியாக வேண்டும் என்று அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். கூட்டிப்போய்க் கலங்கிய நீரையும் காட்டினேன். குனிந்து அதைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இந்தக் கரையக் காப்பாத்தினதே ஆத்தாதான், பாப்பா."

மறுநாள் பூசாரியை அழைத்து, ஆத்தாவை இடம் மாற்றப் புற்றிலிருந்து பிடிமண் எடுத்து, ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மதகைத் திறந்து நீரை இறக்கிவிட்டுப் புற்றை வெட்டினோம். உள்ளே ஒரு பொந்தில் என் கை தோள்வரை போனது. வளை வளையாகத் தோண்டிக் களிமண் போட்டுக் கெட்டித்தோம். நான் சொன்னது பொய்யில்லை, வந்து பாருங்கள் என்று காட்ட ஆசையாக இருந்தது. ஒருவரும் கரைப்பக்கம் வரவில்லை.

அதற்குப் பின் பெய்த மழையில் ஏரி விளிம்புவரை நிறைந்தது. கரை நின்றது. வெளிப்பக்கம் கசிந்த நீர் தெளிவாக இருந்தது. ஆத்தா இடம் மாறியும் கைவிடவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நாள் கணக்கில் சேற்றில் நின்றவள் நான். ஆனாலும் மழை விட்ட வெள்ளிக்கிழமை, வெட்கத்தை விட்டு வேப்பமரத்தடிக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் கேலிப் பேச்சு நின்றது. அக்கா எழுந்து எதிர்வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிவந்தார். முந்தானையால் துடைத்து, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போட்டார்.

"உக்காருங்க மேடம்" என்றார்.