முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை

என் முட்டியைப் பார்க்கும் முன்பே எல்லா டாக்டரும் என்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ. பார்த்ததும் முகம் மாறும். "வெயிட்டக் கொறைச்சிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்." முட்டி வலியோடு எங்கே நடந்து எடையைக் குறைப்பது என்று கேட்டால், அரிசியைக் குறை என்பார்கள். குறைத்தும் பார்த்தேன். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். மானாம்பதிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பஸ் படி ஏற முடியாமல் லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன்.

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர்தான் என்னை மனுஷியாக மதித்து உட்கார வைத்துப் பேசினார். இந்த உடம்புக்குத் தையல் ஆற நாளாகும், சீழ் பிடிக்கிற பயமும் மற்றவர்களைவிட அதிகம், ஆனாலும் வலி குறையும், நடக்கலாம் என்றார். முதலில் இடது முட்டியை மாற்றுவார். அது ஒழுங்காக நீண்டு மடங்கினால்தான் வலது முட்டி. இரண்டும் சரியானால்தான் எனக்கு வேலை.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, பிசியோதெரபி பார்க்கும் பெண் என் வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் நிற்க வைத்துச் சொன்னாள். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, வைத்தால் கால் மடங்கினபடியே இறுகிவிடும். தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். இரண்டு பேரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை. வைத்தது நாத்தனார். "பாவம் அண்ணி, எவ்ளோ வலிச்சிக்கினு கீது. இப்டி வச்சா சொகமா இருக்கும்." சுகமாகத்தான் இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குச் சொல்வது போல எழுந்திருக்காதே, அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழப் பார்த்தால் வீட்டுக்காரர் தோளை அழுத்திப் படுக்க வைப்பார். வாக்கரில் துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து செக்கப். தையல் அழகாக ஆறியிருந்தது, சீழும் இல்லை. டாக்டர் பயந்த எதுவும் நடக்கவில்லை. கால் மட்டும் நீளவில்லை. அவர் அழுத்திப் பார்த்தபோது எனக்கு உயிர் போனது.

"உள்ள வச்ச முட்டி நல்லாத்தான்மா இருக்கு. கால நீட்டாம, நடக்காம வச்சிருக்கீங்க. இது நீள்ற வரைக்கும் வலது முட்டிய நான் தொட மாட்டேன்" என்றார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் கார் டிரைவரிடம் சொல்கிறார்: "இன்னா பண்றது, ஒடம்பு அப்டி. அந்த வெயிட்ட முட்டி தாங்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் உத்திரமேரூர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வாக்கரைப் பிடித்து இறங்கியதும் கேட்டேன்.

"யோவ், ஒடம்பா காரணம்? என்ன நடக்க வுடாம படுக்க வச்சது யாரு? அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லிச்சே, காதுல ஏறலியா?"

கதவைத் திறந்த நாத்தனார் தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் டிரைவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ நடக்க சொல்லோ வியுந்துட்டின்னா யாரு தூக்கறது? என்னாலயும் இவளாலயும் ஆவுமா? ஆஸ்பத்திரில இருக்க சொல்லவே, ஒன்ன எழுப்பி நடக்க வுட வேணாம்னு ரெண்டு பேரும் பேசிக்கினோம்."

என் வலிக்கு இரக்கப்பட்டு வைத்த தலையணை என்று நம்பி ஒரு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறேன். கட்டின புருஷனும் அவர் தங்கையும் என் எடைக்குப் பயந்து என்னைக் கட்டிலோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோபத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் கால்வலி என்பார்கள். அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போகவில்லை. வாக்கரைத் தெருப்பக்கம் திருப்பினேன். மடங்கின காலை ஊன்றி ஒரு அடி, இன்னொரு அடி. ஒவ்வொன்றுக்கும் வியர்த்தது. எதிர்வீட்டு ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"பின்னாடி வராத. வியுந்தா இங்கியே கெடக்கறேன். நீ போயி சோறு துன்னு."