செத்தவீட்டு வேலை முதலில்

சுன்னாகத்தில் சோமசேகரம் அச்சகம் எழுபது வருடமாக நடந்தது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மரண அறிவித்தல் அடிக்கும் செத்தவீட்டு வேலை வந்தால் மற்றதெல்லாம் மெசினிலிருந்து இறங்க வேண்டும். கலியாண வீட்டார்கூட அதற்கு முகம் சுளிப்பதில்லை. பண்டத்தரிப்புத் தயாளினி இருபத்திரண்டு வருடம் அங்கே கணினியில் எழுத்தடித்தாள்.

பிறகு மரண அறிவித்தல்கள் கைத்தொலைபேசியில் இலவசமாகப் பறக்கத் தொடங்கின, அச்சகம் ஈயோட்டியது. முதலாளியின் மகன் கெட்டிக்காரர். மெசின்களை விற்றுவிட்டு, இங்கிலாந்துக் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு வரும் இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் பதிந்து கொடுக்கும் வேலையைப் பிடித்தார். அதைக் குறைசொல்ல ஒருவருக்கும் வாயில்லை. முப்பது இளம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பழைய ஆட்களில் தேறியவள் தயாளினி மட்டும்தான். அவளுக்கும் ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம். புருசன் இல்லை, மகள் படித்து முடிக்க இன்னும் இரண்டு வருடம். இந்த வேலையும் போனால் வேறு போக்கிடமில்லை.

கைவேகத்தில் அவளை மடக்க ஆளில்லை. பிழை வந்தது வேறிடத்தில். விண்ணப்பங்களை வந்த வரிசையிலேயே பதிய வேண்டும். தயாளினியோ உடைந்த கார்க் கண்ணாடிகளையும் வெடித்த தண்ணீர்க் குழாய்களையும் தாண்டிப்போய், யாராவது இறந்ததற்கான விண்ணப்பம் கிடந்தால் அதை முதலில் இழுத்துவிடுவாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போய்விடும்.

இரண்டாம் முறையும் அது நடந்தபோது மேற்பார்வையாளன் யதுசன் பக்கத்தில் வந்து நின்றான். இருபத்தாறு வயதுப் பெடியன்.

"அக்கா, உப்பிடி நடுவிலை இழுக்கேலாது. அங்கை கண்டுபிடிச்சிடுவாங்கள்."

"செத்தவீட்டு அலுவல், தம்பி."

"அவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான். இன்னுமொருக்கா நடந்தால் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதேலாது."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யதுசனின் தகப்பன் விபத்தில் செத்த அன்று, ஓடிக்கொண்டிருந்த கலியாணக் கார்ட்டை இறக்கிவிட்டு, ஒன்றரை மணித்தியாலத்தில் அறிவித்தலை அடித்துக் கொடுத்தது அவள்தான். அப்போது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை. சொல்ல வாயெடுத்தாள். செய்ததைச் சொல்லிக்காட்ட வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மரண விண்ணப்பம் வந்தது. அதற்கு முன்னால் பதினொரு விண்ணப்பங்கள். இன்றைக்கு விட்டால் திங்கள்தான். அவள் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு முதலாவது கார்க் கண்ணாடி விண்ணப்பத்தைத் திறந்தாள். எல்லோரும் சாப்பிட எழுந்து போனார்கள். அவள் எழும்பவில்லை, வரிசை பிசகாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தப் பதினொன்றும் இலேசில் முடிகிற சாமான்கள் அல்ல.

யதுசன் திரும்பி வந்தபோது அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே இருந்தது.

"ஏனக்கா சாப்பிடேல்லை?"

"இன்னும் எட்டுக் கிடக்கு. அதுக்குப் பிறகு ஒரு செத்தவீடு."

அவன் திரையைப் பார்த்தான். "ஆர் அக்கா, தெரிஞ்ச ஆக்களே?"

"இல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசி. புருசன் செத்துப்போனாராம்."

அவன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"நாலை என்ரை பக்கம் தள்ளிவிடுங்கோ."

மூன்று மணிக்கு அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வரிசையும் குலையவில்லை. தயாளினி ஆறிய சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். தகப்பனின் அறிவித்தலைப் பற்றி அவள் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.