ஓய்வு கேட்கப் போன பம்பரம்

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளரான அவளை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் அவள் மேடையேறிக் குதிக்க ஆரம்பித்தால், எதிரே நிற்கும் இளசுகளுக்கு நாக்குத் தள்ளிவிடும். வாரம் ஆறு நாளும் காலை, மாலை வகுப்பு. ஞாயிறு ஒன்றுதான் கால் நீட்டிப் படுக்கிற நாள்.

அந்தக் காலின் லட்சணம் அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குப் போய்வந்தால் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். அவர் தரையில் சம்மணமிட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கவ்விப் பிடித்திருக்கும் கம்ப்ரெஷன் டைட்ஸ் என்கிற இறுக்கமான கால்சட்டையை மெல்ல மெல்ல உரித்தெடுப்பார். உரித்ததும் தொடை விண்விண்ணென்று தெறிக்கும். இறுக்கிப் பிடித்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும், வாஸ்தவம்தான். ஆனால் தசை தேற ஓய்வு வேண்டாமா? மாடிப்படியில் அவள் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாரத்தில் இன்னொரு நாளும் லீவு கேள் என்று நச்சரித்தார்.

கேட்கத்தான் வாய் வரவில்லை. மூட்டுவலி என்று வாய்தவறிச் சொன்ன முந்தைய பயிற்சியாளரை நாசூக்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புருஷனின் கடையோ மூடிக் கிடந்தது. அந்தப் பயத்தில், "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா வலிக்கவே மாட்டேங்குது?" என்று யார் கேட்டாலும், "எல்லாம் இந்த டைட்ஸ்தான்" என்று தொடையைத் தட்டிக் காட்டினாள். சொன்ன பொய் சும்மா கிடக்குமா? பாதி வகுப்பு வாங்கி மாட்டிக்கொண்டது. இறுக்கம் கூடினால் பலன் கூடும் என்று சில புத்திசாலிகள் ஒரு அளவு சின்னதாக வாங்கி, உடை மாற்றும் அறையில் ஒருத்தி காலை ஒருத்தி இழுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒருநாள் படி இறங்கவே முடியவில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். கால் ரொம்ப வலிக்கிறது, புதன்கிழமையும் ஓய்வு வேண்டும் என்று சொல்லியே விட்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கா? விளையாடாதீங்கம்மா. இதைப் போட்டா வலிக்காதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க?"

மேசைக்கடியிலிருந்து இரண்டு புது டைட்ஸை எடுத்து அன்பளிப்பாக நீட்டினார். பயிற்சிக்குப் பிறகு தசையை எப்படித் தேற்றுவது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம். அதற்கென்று ஒரு வகுப்பு தொடங்கப் போகிறாராம். அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முடியாது என்று சொன்னால், மற்ற வகுப்புகளும் அவளால் முடியாது என்று அவர் முடிவுகட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

புருஷன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எந்த நாளு ஓய்வு?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி ஓய்வெடுக்கணும்னு ஒரு வகுப்பாம். என்னையே எடுக்கச் சொல்லிட்டாரு," என்றாள். "ஞாயித்துக்கிழமை."