புது உப்பு

மகளுக்குச் சொட்டு மருந்தைப் பாலில் கலந்து கொடுக்கிறேன். "பால்ல என்னம்மா?" என்கிறாள். "ஒண்ணுமில்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாளெல்லாம் யோசிக்கிறேன்.

மரக்காணத்தில் எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. அப்பாவோடு உப்பு வாரப் போய்க்கொண்டிருந்த அண்ணன், மனச்சிதைவு வந்தபின் வீட்டோடு முடங்கினான். அவன் வேலைக்குப் போகிற வயதுக்காரன், நான் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசுவான். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்பான். டாக்டர் தந்த மாத்திரையைத் தொடமாட்டான். ஒருமுறை கோபித்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டு வரை நடந்தே போய்விட்டான். மறுபடி போய்விடுவானோ என்பதுதான் அம்மாவின் பயம். "ஒண்ணும் கலக்கலண்ணா" என்று சொல்வது என் வேலை. அம்மா சொல்லிக்கொடுத்தது. நம்பித்தான் சொன்னேன்.

அந்தக் கோடையில் குழம்பு கசக்கிறது என்றான்.

"புது உப்புடா, கசக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

வாரிய உடனே உப்பு கசக்கும், குவியலில் கிடந்து நீர் வடிந்தால்தான் ருசி வரும். அளத்து வீட்டில் இதை யார் மறுப்பார்கள்? அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குக் கசக்கவேயில்லை. ஆனாலும், "ஆமாண்ணா, எனக்கும்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணன் தானாக எழுந்து அளத்துக்குப் போனான். ஓலை போட்டு மூடியிருந்த போன வருஷத்துக் குவியலிலிருந்து துண்டில் உப்பு முடிந்து வந்தான். பிள்ளை தேறிவிட்டான் என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அந்த உப்பைப் போட்டே அம்மா மீன்குழம்பு வைத்து, அவனுக்குத் தட்டில் பிசைந்து கொடுத்தாள்.

ஒரு வாய் மென்றான். தட்டை என் பக்கம் தள்ளினான்.

"நீ ஒரு வாய் தின்னு பாப்பா."

எனக்கும் பசி. அள்ளி வாயருகே கொண்டுபோனேன். அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த அம்மா என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். சோறு தரையெல்லாம் சிதறியது.

அண்ணன் அம்மாவையே பார்த்தான். "இருக்குது இல்லம்மா?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாத்திரைதான்டா. நீ முழுங்க மாட்டேங்கற. நான் என்னா பண்றது?"

தட்டு பறக்கும், இவன் வாசலைத் தாண்டிப் போய்விடுவான் என்று அப்பா கதவோரம் போய் நின்றார். அவன் எழுந்திருக்கவே இல்லை. உள்ளங்கையை நீட்டினான்.

"இனிமே கையில குடு."

அதன்பிறகு சில நாள் விழுங்குவான், சில நாள் எங்கள் கண்ணெதிரிலேயே வாய்க்காலில் வீசுவான். ஆனால் சோற்றைச் சந்தேகிக்கவில்லை.

கையை நீட்டியபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் அடிவாங்கியதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நினைத்து, கொஞ்ச நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். வீட்டில் அத்தனை பேரும் இல்லை இல்லை என்ற ஒன்று, கடைசியில் நிஜமாகவே இருந்தது. அதில் அவனுக்குக் கிடைத்த நிம்மதிக்கு அப்படியொரு முகம் உண்டென்று எனக்கு அப்போது தெரியாது.