மான் தொடாத புல்

கால்சட்டையில் ஒட்டியிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வைத்த பிறகுதான் வேலியக்கா என்னை மேய்ச்சல் நிலத்துக்குள் விட்டார். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அதே மிடுக்கோடு புல்வெளித் துறையில் சேர்ந்த முதல் வாரம் அது. "களை விதையெல்லாம் டிக்கெட் எடுக்காம ஏறி வரும் தம்பி," என்றார். நான்காம் பிரிவு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் அன்றே சொன்னார்.

வேலியைப் பார்த்துக்கொள்வதும், நான்கு பிரிவுகளின் கதவுகளை முறை வைத்துத் திறந்து மூடுவதும் அவர் வேலை. மாடுகள் ஒரு பிரிவில் மேயும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். மான்கள் நுழைய வசதியாக அடிக்கம்பியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தார். ஓய்வில் கிடந்த பிரிவில் முதலில் மான் வாய் வைக்க வேண்டும், பிறகுதான் மாடு; மான் ஒதுக்கும் புல் மாட்டுக்கும் ஆகாது என்பது அவர் கணக்கு. இந்த விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

மழை ஏமாற்றிய ஓர் ஆண்டில் மூன்று பிரிவுகளும் மொட்டையாகிவிட்டன. நான்காவதில் புல் இடுப்பளவு நின்றது. ஆனால் ஒரு முயல்கூட அதைக் கடிக்கவில்லை. புழுக்கை இல்லை, பறவைக் கூடு இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வெட்டுக்கிளிகள் காதைத் துளைக்கும்; கம்பியைத் தாண்டித் தலையை நீட்டினால் சத்தம் அப்படியே அறுந்துபோகும். காற்றில்லாத வேளையிலும் நடுவில் ஓரிடத்தில் மட்டும் புல் சாய்ந்து நிமிரும்.

முதலில் எலும்பும் தோலுமானவை அக்காவின் கூடப்பிறந்த தம்பியின் மாடுகள்தான்.

"இன்னும் ஒரு வாரம் போனா ஒண்ணும் மிஞ்சாது. உனக்கு மானுங்கதான் கூடப்பொறந்ததுங்களா?"

"அதுங்க எங்கிட்ட இப்படி வாயாடாதுங்க."

"கதவத் திறந்து விடுக்கா. புல்லு சும்மா நின்னு காயுது."

"மான் தொடட்டும், திறக்கறேன்."

மறுநாள் மாலை கதவருகே புல்நுனிகள் கடிபட்டிருந்தன. மான் புழுக்கையும் கிடந்தது. அக்காவின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில் குனிந்துகூடப் பார்க்காமல் தாழ்ப்பாளை நீக்கினார்.

தம்பியின் மாடுகள் பசியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி வந்தன. கதவு வரை வந்து நின்றன. ஒன்றுகூட உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. எல்லாத் தலைகளும் இடமிருந்து வலமாக, ஒரே வேகத்தில் மெல்லத் திரும்பின. உள்ளே யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. புல்வெளியில் யாரும் இல்லை.

அக்கா அப்போதுதான் ஒரு நுனியைத் தொட்டுப் பார்த்தார். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. இழுத்துத்தான் பிய்க்கும், நுனி நார்நாராகத் தொங்கும். இது நேராக, வழவழவென்று இருந்தது.

"அரிவாளா?"

தம்பி தரையைப் பார்த்தான். "வேற என்ன பண்ணச் சொல்ற? புழுக்கையும் நான்தான் பொறுக்கிட்டு வந்து போட்டேன்."

அக்கா உள்ளே பத்தடி நடந்தார். அங்கும் நுனி அறுபட்டிருந்தது. இன்னும் நடந்தார். அங்கும் அப்படித்தான்.

"இவ்வளவையும் எப்படா அறுத்தே?"

"எவ்வளவ? கதவோரமா ரெண்டு கைப்பிடி. உள்ள நான் போகவே இல்லக்கா."

தூரத்து மேடு வரை அத்தனை நுனிகளும் ஒரே மட்டத்தில் இருந்தன. அறுத்த துண்டு ஒன்றுகூடத் தரையில் இல்லை. வெட்டுவாயில் சாறு இன்னும் காயவில்லை. அக்கா திரும்பி ஓடாமல், நடந்தே வெளியே வந்தார்.

தம்பி கம்பை ஓங்கி முன்மாட்டை உள்ளே தள்ளப் பார்த்தான். "எதுவா இருந்தா என்ன, பட்டினியவிட மோசமா?"

அக்கா கதவை இழுத்து மூடினார்.

"மாடு செத்தா பாவம் உனக்குத்தான்."

"எனக்கே இருக்கட்டும். ஓட்டிட்டுப் போ. திரும்பிப் பாக்காத."

அந்த வாரமே தம்பி பாதி மாடுகளை வந்த விலைக்கு விற்று, மீதிக்கு வைக்கோல் வாங்கினான். அக்காவோடு பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டான்.

வேலியக்கா இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார். மூன்று பிரிவுகளை முறை மாற்றித் திறக்கிறார். நான்காவதைப் பூட்டி, வெளியே நின்றபடியே அதன் அடிக்கம்பியையும் தாழ்த்திக் கட்டிவிட்டார்.